மக்கும் குப்பையும் ஒரு மக்கு இன்ஜினியரும்

(பழைய மாணவர் சங்கக் கூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை ஆங்காங்கே அப்படியே விடப்பட்டுள்ளது.)

போன மாதம் நம் செயலாளர் அண்ணன் போன் செய்தார். "தம்பி, இந்த வருஷம் நீ ஒரு 20 நிமிஷம் பேசணும்ப்பா" என்றார். "எதைப் பத்தி அண்ணே?" என்றேன். "நீதான் படிச்சு முடிச்சதிலிருந்து குப்பையிலயே கெடக்கிறியே, அதைப் பத்தியே பேசு" என்று சொல்லிவிட்டார். அதில் ஒரு சிக்கல் என்னவென்றால், மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் அழுகலைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார். சாப்பாட்டுச் செலவைக் குறைக்க சங்கம் கண்டுபிடித்த வழியோ என்று எனக்கு ஒரு சந்தேகம். (சிரிப்பு)

நான் 2009-இல் இங்கே சிவில் முடித்தவன். கடைசி வருடத்தில் என்விரான்மென்டல் இன்ஜினியரிங் வைவா. சார் கேட்டார்: "பி.ஓ.டி. என்றால் என்ன?" நான் கம்பீரமாக, "பயோகெமிக்கல் ஆக்சிஜன் டிமாண்ட் சார்" என்றேன். "அப்படின்னா?" என்றார். மௌனம். "ஏன் 5 நாள்? ஏன் 20 டிகிரி?" மேலும் மௌனம். "யாருக்குப்பா ஆக்சிஜன் டிமாண்ட்? தண்ணிக்கா, அழுக்குக்கா, இல்ல உனக்கா?" என்று கேட்டுவிட்டு, "மக்கு" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு எழுதினார். சார் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். பெயர் சொல்லமாட்டேன். சிரிக்கிறார் பாருங்கள், அவர்தான்.

சார், 15 வருடத்துக்கு மேல் தாமதமாக அந்தப் பதிலை இப்போது சொல்லிவிடுகிறேன். ஆக்சிஜன் கேட்பது தண்ணீரும் இல்லை, அழுக்கும் இல்லை. அந்த அழுக்கைத் தின்கிற நுண்ணுயிர்கள். அவை தின்று மூச்சுவிட எவ்வளவு ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன என்று அளந்தால், தண்ணீரில் அவற்றுக்கு எவ்வளவு சாப்பாடு இருந்தது என்று தெரிந்துவிடும். அதுதான் பி.ஓ.டி. நம் வெயில் ஊரில் 27 டிகிரியில் 3 நாள் வைத்தும் அளக்கிறோம். இப்போதாவது பாஸ் போடுங்கள்.

அழுகுவது என்றால் என்ன?

நாம் எல்லோரும் "சாம்பார் கெட்டுப்போச்சு" என்கிறோம். ஏதோ சாம்பாருக்குத் தானாகவே கெட்ட புத்தி வந்துவிட்டது போல! சாம்பார் தானாகக் கெடுவதில்லை. 1860-ஐ ஒட்டி பிரான்சில் லூயி பாஸ்டர் ஒரு சோதனை செய்தார். அன்னத்தின் கழுத்து போல வளைந்த குழாய் உள்ள கண்ணாடிக் குடுவையில் சூப்பைக் கொதிக்க வைத்தார். காற்று உள்ளே போகலாம், ஆனால் தூசி வளைவிலேயே தங்கிவிடும். அந்தச் சூப் கெடவே இல்லை. குடுவையைச் சாய்த்து, வளைவில் தங்கிய தூசியைச் சூப் தொட்டதும் சில நாளில் கெட்டுவிட்டது. கெடுப்பது காற்று அல்ல, காற்றில் மிதந்து வரும் உயிர் என்று அதில் நிரூபணமானது.

அந்த உயிர்களின் வேகத்தைக் கொஞ்சம் கணக்குப் போடுங்கள். இன்ஜினியர்களுக்குக் கணக்கு பிடிக்கும். நல்ல சாப்பாடும் நல்ல சூடும் கிடைத்தால் ஈ-கோலை என்ற பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். காலை 8 மணிக்கு ஒன்றே ஒன்று. மாலை 6 மணிக்குள் 30 முறை இரட்டித்தால் 107 கோடி! நிஜத்தில் நடுவிலேயே சாப்பாடு தீரும், அமிலம் கூடும், வளர்ச்சி தடைப்படும். ஆனாலும் மத்தியானம் வைத்த குழம்பு ராத்திரிக்கு ஏன் நுரைக்கிறது என்று புரிகிறது அல்லவா?

இதே வேலையைத்தான் நம் வீட்டு அடுப்படியில் தினமும் செய்ய வைக்கிறோம். உளுந்தும் அரிசியும் ஆட்டி, உப்புப் போட்டுக் கரைத்து வைத்தால், காலையில் மாவு பொங்கி நிற்கிறது. அதுவும் நுண்ணுயிர்களின் வேலைதான். பாலில் உறை ஊற்றினால் தயிர் ஆவதும் அதே கதைதான். நமக்குப் பிடித்த மாதிரி நடந்தால் 'புளிக்குது' என்கிறோம், பிடிக்காத மாதிரி நடந்தால் 'அழுகுது' என்கிறோம். அதுங்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அதுங்க பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருக்கின்றன.

அழுகல் என்பது ஒரு வேலை, நண்பர்களே. அது நின்றுவிட்டால் என்ன ஆகும்? உதிர்ந்த இலை உதிர்ந்தபடியே கிடக்கும். செத்த மாடு செத்தபடியே கிடக்கும். மண்ணுக்குச் சத்து திரும்பாது. அடுத்த செடி முளைக்காது. உலகத்தின் மிகப் பெரிய துப்புரவுப் பணியாளர்கள் இந்தக் கண்ணுக்குத் தெரியாத ஜீவன்கள்தான். சம்பளம் கேட்பதில்லை, லீவு போடுவதில்லை. இரண்டே இரண்டு கேட்கின்றன: சரியான சாப்பாடு, சரியான இடம்.

காற்று இருந்தால் ஒரு வழி, இல்லாவிட்டால் வேறு வழி

குப்பை மக்குவதற்கு இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று, காற்று உள்ள பாதை. உரக்குழி, கம்போஸ்ட் என்று சொல்கிறோமே, அது. காய்ந்த இலையும் காய்கறித் தோலும் அளவாகக் கலந்து, புரட்டிப் போட்டு, ஈரம் காத்தால் மூன்று நாலு நாளில் குவியல் சூடேறும். 55, 60 டிகிரிக்கு மேல் போகும். கையை உள்ளே விட்டால் வெடுக்கென்று எடுத்துவிடுவீர்கள். அந்தச் சூட்டில் நோய்க்கிருமிகளும் களை விதைகளும் பெரும்பாலும் செத்துப்போகும். பிறகு மெதுவாக ஆறும். கடைசியில் ஆக்டினோமைசீட்ஸ் என்ற இனம் கூடுதலாக வேலை செய்யும். அப்போது ஒரு வாசனை வரும் பாருங்கள், முதல் மழை விழுந்த மண்வாசனை. அதே வாசனைதான், அதே இனம் உண்டாக்கும் அதே பொருள்தான். உரம் தயாரா என்று பார்க்க லேப் வேண்டாம், மூக்கு போதும்.

இதற்குச் சமையல் பக்குவம் உண்டு. நுண்ணுயிருக்குக் கார்பன் சோறு மாதிரி, நைட்ரஜன் பருப்பு மாதிரி. 25 முதல் 30 பங்கு கார்பனுக்கு 1 பங்கு நைட்ரஜன் இருக்க வேண்டும். மிச்சச் சாப்பாட்டில் நைட்ரஜன் கூடுதல், காய்ந்த சருகில் கார்பன் கூடுதல். வெறும் சாப்பாட்டை மட்டும் குவித்தால் நாறும். வெறும் சருகை மட்டும் குவித்தால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஈரம் 50, 60 சதவீதம். அதற்கும் மீட்டர் வேண்டாம். ஒரு கை அள்ளிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரணும், ஒழுகக் கூடாது. இதை முறைப்படுத்தி உலகத்துக்குச் சொன்னது நம் நாட்டில் நடந்த ஆராய்ச்சிதான். ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, இந்தூரில் 1920-களில் நம் விவசாயிகள் செய்வதைப் பார்த்துப் படித்து, யஷ்வந்த் வாட் என்ற இந்திய வேதியியலாளருடன் சேர்ந்து 1931-இல் புத்தகமாக எழுதினார். இன்றும் அதற்கு 'இந்தூர் முறை' என்றுதான் பெயர்.

இரண்டாவது, காற்று இல்லாத பாதை. சாண எரிவாயுக் கலன். மூடிய தொட்டிக்குள் நான்கு ஷிப்டுகளாக வேலை நடக்கும். முதல் ஷிப்ட் பெரிய துண்டுகளைக் கரைக்கும். இரண்டாவது அதை அமிலமாக்கும். மூன்றாவது அந்த அமிலங்களை இன்னும் சின்னதாக உடைக்கும். நான்காவது ஷிப்ட்காரர்கள்தான் மீத்தேன் வாயு தயாரிப்பவர்கள். இவர்கள் பாக்டீரியாவே அல்ல, ஆர்க்கியா என்ற தனிக் குலம். 1977-இல் கார்ல் வோஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி பிரித்துக் காட்டும் வரை உலகத்துக்கே அது தெரியாது. முதல் ஷிப்டுகள் வேகமானவை. நான்காவது ஷிப்ட் மெதுவானது, கூச்ச சுபாவம். ஒருமுறை இரட்டிக்கச் சில நாள் கூட ஆகும். அமிலம் கூடினால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

இதை இப்போது அழகாகச் சொல்கிறேன். கற்றுக்கொண்ட கதை அவ்வளவு அழகாக இல்லை.

பெரியவர் எடுத்த வகுப்பு

படித்து முடித்த சில வருடத்தில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். காய்கறி மார்க்கெட் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் பிளான்ட்டுகள் கட்டுவார்கள். ஒரு ஊரில் பிளான்ட்டை ஓடவிடும் பொறுப்பு என் கையில். திறப்பு விழாத் தேதி குறித்தாகிவிட்டது. வாயு வர வேண்டும், பிரமுகர் வந்து அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? டிசைனில் எழுதியிருந்த முழு அளவு கழிவையும் இரண்டாவது வாரத்திலேயே போட ஆரம்பித்துவிட்டேன். நாலாவது நாள் வாயு நின்றது. அமிலத்தன்மை காட்டும் பி.ஹெச். 7-ஐ ஒட்டி இருக்க வேண்டியது 5-க்கு வந்துவிட்டது. பக்கத்துத் தெருவில் யாரும் ஜன்னல் திறக்க முடியவில்லை. ஜனங்கள் வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அங்கே தொட்டி கலக்குகிற வேலைக்கு ஒரு பெரியவர் இருந்தார். ஊரில் மாடு வளர்த்து, சாண எரிவாயு அடுப்பில் இருபது வருடம் சமைத்த குடும்பம். நான் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, பொறந்து பத்து நாளான புள்ளைக்குப் பிரியாணி ஊட்டுனா என்ன ஆகும்? அதான் கக்குது." கழிவு போடுவதை நிறுத்தச் சொன்னார். ஓடிக்கொண்டிருக்கும் சாண எரிவாயுக் கலனிலிருந்து கரைசல் கொண்டுவந்து ஊற்றினோம். சுண்ணாம்பு கொஞ்சம். பிறகு நாளுக்கு ஒரு கூடை, ஒன்றரைக் கூடை என்று பழக்கினோம். ஒரு மாதம் கழித்து நீல நிறத்தில் அடுப்பு எரிந்தது. திறப்பு விழா தள்ளிப்போனதற்கு எனக்கு மெமோ கிடைத்தது. பெரியவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அதுவரை சிரிக்கிற கதை. அடுத்ததை இந்த மேடையில்தான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

அடுத்த வருடம் கோடைக்காலம். மார்க்கெட்டிலிருந்து பிரிக்காமல் வந்த கழிவில் இருந்த கேரி பேக்குகளும் சாக்குக் கயிறுகளும் சேர்ந்து, கரைசல் வெளியேறும் தொட்டியின் குழாயை அடைத்துக்கொண்டன. பத்தடி ஆழத் தொட்டி. மேலே மூடி திறந்திருந்தது. ஆபீஸிலிருந்து மணிக்கு ஒரு போன். ஒரு இளைஞர், அப்போது 24 வயது, "நான் எறங்கி எடுத்துடறேன் சார்" என்றார். நான் சொன்ன வார்த்தை இன்றும் காதில் இருக்கிறது. "சரி, ஒரு நிமிஷ வேலைதானே."

பெரியவர்தான் குறுக்கே வந்தார். "கயிறு கட்டாம எறக்காதீங்க" என்று பிடிவாதமாகச் சொல்லி, அந்தப் பையன் இடுப்பில் கயிறு கட்டினார். ஏணியில் நாலாவது படி இறங்கினார். ஐந்தாவது படியில் கை விட்டுவிட்டார். சத்தம்கூடப் போடவில்லை. நாங்கள் மூன்று பேர் கயிற்றைப் பிடித்து இழுத்தோம். மேலே வந்தபோது முகம் நீலம் பாரித்திருந்தது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்தார்.

அது ஹைட்ரஜன் சல்பைடு. காற்றில்லாத அழுகலில் கந்தகம் உள்ள பொருள்களிலிருந்து வருவது. அழுகிய முட்டை நாற்றம் என்று கெமிஸ்ட்ரி லேபில் படித்திருப்போம். யாரும் நமக்கு அழுத்திச் சொல்லாத ஒன்று உண்டு. காற்றின் 10 லட்சம் பங்கில் 100 பங்கு அளவை நெருங்கும்போது மூக்கு மரத்துப்போகும். நாற்றமே தெரியாது. "நாத்தம் போயிடுச்சு, எறங்கலாம்" என்று நினைக்கிற நேரம்தான் சாகிற நேரம். இன்னும் சில மடங்கு கூடினால் ஒன்றிரண்டு மூச்சிலேயே நினைவு தப்பும். அது காற்றைவிடக் கனம், அடியில் தேங்கி நிற்கும். அதனால்தான் விழுந்தவரைக் காப்பாற்ற இறங்குகிற இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் செத்துப்போகிறார்கள். பேப்பரில் 'செப்டிக் டேங்கில் இறங்கிய மூவர் பலி' என்று படிக்கிறோமே, அந்த மூவர் ஏன் மூவர் என்பதற்குக் காரணம் இதுதான்.

விபத்துப் பதிவேட்டில் 'வெயிலால் மயக்கம்' என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். என் கையெழுத்துதான். அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை, ஏனென்றால் பேனாவைப் பிடித்தது நான். ஒரு வருடத்தில் வேலையை விட்டேன். அந்தத் தம்பி இப்போது டெம்போ ஓட்டுகிறார். பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்வார். "நல்லா இருக்கேன் சார். கேஸ் பிளான்ட்டுக்கு மட்டும் கூப்பிட்டுடாதீங்க" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். என்னால்தான் சிரிக்க முடிவதில்லை.

சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கக் கூடாது என்று 2013-இல் சட்டம் வந்தது. அப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று 2014-இலும், அதை 30 லட்சமாக்கி 2023-இலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டம் இருக்கிறது. ஆனால் அந்த நிமிடத்தில் தொட்டி விளிம்பில் நிற்பது சட்டம் அல்ல, ஒரு இன்ஜினியர். நம்மில் ஒருத்தர்.

மலையாகக் குவித்தால் மக்காது

"எல்லாம் மக்கும் என்றால் கொண்டுபோய்க் கொட்டிவிட்டால் மக்கிவிடுமே, பிளான்ட் எதற்கு?" என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் அரிசோனா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ராத்ஜே என்று ஒரு தொல்லியல் பேராசிரியர் இருந்தார். நம்மவர்கள் கீழடியைத் தோண்டுகிற மாதிரி, அவர் 1980-களின் கடைசியில் குப்பை மேடுகளைத் தோண்ட ஆரம்பித்தார். பல பத்தாண்டுக்கு முந்தைய செய்தித்தாள்கள் படிக்கிற நிலையில் கிடைத்தன. பழைய இறைச்சித் துண்டுகள்கூட இன்னதென்று தெரிகிற மாதிரி இருந்தன. காற்றும் ஈரமும் உள்ளே போகாதபடி அழுத்திப் புதைத்ததால், தின்ன வேண்டியவர்களுக்கு வேலை செய்ய இடமே இல்லை.

நம் ஊர்க் குப்பை மேடு வேறு மாதிரி. நம் குப்பையில் ஈரமும் சாப்பாட்டு மிச்சமும் அதிகம். மேல்பக்கம் காய்ந்து, உள்ளே காற்றில்லாமல் அழுகி, மீத்தேன் கசியும். மீத்தேன் நூறு வருடக் கணக்கில் கரியமில வாயுவைப்போல ஏறக்குறைய 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். அடியில் கறுப்பாக ஒரு கஷாயம் ஊறி நிலத்தடி நீருக்கு இறங்கும். வெயில் காலத்தில் ஒரு பொறி போதும். 2022 ஏப்ரல் கடைசியில் சென்னை பெருங்குடிக் குப்பை மேடு பற்றிக்கொண்டு நாள்கணக்கில் புகைந்தது. அந்த மேடு இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். அதே ஆண்டில்தான் அந்தச் சதுப்பு நிலத்துக்கு ராம்சர் தகுதி கிடைத்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் பத்து நாளுக்கு மேல் புகைந்தது. இப்போது பழைய மேடுகளைப் பெயர்த்துச் சலித்து, மண்ணைத் தனியாக, கல்லைத் தனியாக, எரியக்கூடிய பிளாஸ்டிக்கைச் சிமெண்ட் ஆலைக்குத் தனியாக என்று பிரிக்கிறார்கள். பயோமைனிங் என்று பெயர். நான் இப்போது பார்ப்பதும் அந்த மாதிரி வேலைதான். வீட்டு வாசலில் இரண்டு வாளி வைத்துச் செலவில்லாமல் பிரித்திருக்கக்கூடியதை, முப்பது வருடம் கழித்துக் கோடிக்கணக்கில் செலவழித்து மெஷினில் பிரிக்கிறோம்.

பிளாஸ்டிக் ஏன் மக்குவதில்லை என்றால், பூட்டுக்கு ஏற்ற சாவி நுண்ணுயிர்களிடம் இல்லை. இலையையும் சோற்றையும் உடைக்கும் என்சைம்கள் அவற்றுக்குக் கோடிக்கணக்கான வருடப் பழக்கம். பாலித்தீன் 1930-களில் வந்த புது விருந்தாளி. ஜப்பானில் சகாய் ஊரில், பெட் பாட்டில் பிளாஸ்டிக்கைத் தின்னும் பாக்டீரியா ஒன்றைக் கண்டுபிடித்து 2016-இல் அறிவித்தார்கள். நல்ல செய்திதான். ஆனால் மெல்லிய படலத்தைத் தின்னவே அதற்குச் சுமார் ஆறு வாரம் ஆயிற்று. அது வந்து நம் ஷாம்பு பாக்கெட்டைத் தின்னும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஆகவே மக்காததைக் காயலான் கடைக்கும், மக்குவதை மண்ணுக்கும் அனுப்புவதுதான் வழி. அலுமினியத்தைத் திரும்ப உருக்கினால் புதிதாக எடுப்பதற்கு ஆகும் சக்தியில் 95 சதவீதம் மிச்சம். ஆனால் ஒன்று. பழைய பேப்பரில் சாம்பார் கொட்டினால் அது பேப்பரும் இல்லை, உரமும் இல்லை. கலந்தால் இரண்டும் கெட்டது. அந்தக் கேரி பேக்தான் குழாயை அடைத்தது, அந்தக் குழாய்க்காகத்தான் ஒருத்தர் இறங்கினார். குப்பையைப் பிரிப்பது சுத்தம் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல, யாரோ ஒருவருடைய மூச்சு சம்பந்தப்பட்ட விஷயம்.

ஹாஸ்டலுக்குப் பின்னால்

இப்போது நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். நேற்று சாயங்காலமே வந்துவிட்டேன். பழைய ஞாபகத்தில் மெஸ்ஸுக்குப் பின்பக்கம் போனேன். நம் காலத்தில் இருந்த அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது, கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. அதே வாசனை. கண்ணைக் கட்டிவிட்டாலும் ரூமுக்கு வழி கண்டுபிடிப்போமே, அதே வாசனை! மெஸ் மிச்சத்தோடு டீ கப்பும் பிஸ்கட் கவரும் கலந்து கிடக்கிறது. இந்தப் பக்கம் தூங்குமூஞ்சி மரத்துச் சருகையெல்லாம் கூட்டி எரித்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு பக்கம் நைட்ரஜனை நாறவிடுகிறோம், முப்பதடி தள்ளி கார்பனை எரிக்கிறோம். நம்மிடம் பயோகெமிக்கல் ஆக்சிஜன் டிமாண்ட் படித்த கல்லூரி இது!

நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்குகிற நிறுவனங்களுக்குத் தனிப் பொறுப்பு உண்டு என்று 2016 விதிகளே சொல்லிவிட்டன. மெஸ்ஸில் நாளைக்கு 300 கிலோ கழிவு என்று வைத்துக்கொள்வோம். எரிவாயுவாக்கினால் 25, 30 கன மீட்டர் வரும். அது ஹோட்டல்காரர்கள் வாங்குகிற 19 கிலோ சிலிண்டரில் பாதிக்கு மேல், தினமும். ஆனால் நான் எரிவாயு பிளான்ட் கேட்கவில்லை. முதலில் கம்போஸ்ட் கொட்டகை. தரைக்கு மேலே, காற்றோட்டமாக. ஒரு வாளி மிச்சச் சாப்பாட்டுக்கு இரண்டு வாளி சருகு. இறங்குவதற்குப் பள்ளமே இல்லாத முறை. அது ஏன் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். ஒரு வருடம் பிரிக்கப் பழகியபின், இந்தக் கல்லூரி மாணவர்களே எரிவாயுக் கலனை டிசைன் செய்யட்டும்.

சங்கம் இந்த வருடம் நுழைவு வளைவு கட்ட நிதி திரட்டுகிறது. தீர்மானம் போட்ட பெரியவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். கோபித்துக்கொள்ளக் கூடாது. வளைவே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அதைக் கொஞ்சம் சின்னதாகக் கட்டுவோம் என்கிறேன். மிச்சத்தில் ஒரு கொட்டகையும், அதைப் பார்த்துக்கொள்ள இரண்டு ஆட்களுக்கு மூன்று வருடச் சம்பளமும், கையுறை, பூட்ஸ், இ.எஸ்.ஐ. எல்லாம் சேர்த்து ஒதுக்குவோம். சம்பளம் ஒதுக்காமல் கட்டிய கொட்டகைகள் எத்தனையோ ஊரில் பூட்டிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். கட்டடத்தில் பேர் போடலாம், சம்பளத்தில் பேர் போட முடியாது, அதனால்தான் யாரும் தருவதில்லை. என் பங்காக ஒரு ஆளின் ஒரு வருடச் சம்பளத்தை நான் தருகிறேன். டிசைன், மேற்பார்வை இலவசம். மாதம் ஒரு சனிக்கிழமை வந்து குவியலில் கையை விட்டுப் பார்ப்பது என் வேலை.

பலகை ஏதும் வைக்க வேண்டாம். வைத்தே ஆக வேண்டும் என்றால் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: 'இங்கே எந்தத் தொட்டியிலும் யாரும் இறங்கக் கூடாது.' அந்த வரியை ஒரு பதிவேட்டில் உண்மையாக எழுதியிருக்க வேண்டிய நாளில் நான் எழுதவில்லை. இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

சார் என்னை மக்கு என்றார். இத்தனை வருடம் குப்பையோடு பழகியதில் அந்த வார்த்தை மேல் இருந்த வருத்தம் போய்விட்டது. மக்குவது நல்ல காரியம் சார். மக்கினால்தான் உரம். நேரம் ஆகும், அவ்வளவுதான்.

சாப்பாட்டுக்குப் போகலாம். இலையில் எதையும் மிச்சம் வைக்காதீர்கள். அப்படி வைத்தால், பக்கத்தில் இரண்டு வாளி வைத்திருக்கிறேன். எது எதில் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.